அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி

திருநெல்வேலி மாவட்டத்தில் மழைக்காட்டுக்கு நடுவே இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் ஏதேனும் உண்டா, உண்டென்றால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், வெளியூர்க்காரர் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. பொதிகை மலையின் கிழக்குச் சரிவில், காரையாறு அணையின் நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் இஞ்சிக்குழி என்னும் ஊர்தான் நீங்கள் தேடுவது; காணிக்காரர் அல்லது காணிகள் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்பு அது. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும், காணி மக்களோடு நெடுநாள் பழக்கம் உள்ளவன் என்ற முறையிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். இந்த ஊர் இன்று இவ்வளவு எட்டாத இடமாக ஆனதற்குக் காட்டைக் காட்டிலும் நாம் கட்டிய அணையும் நாம் கிழித்த எல்லைக் கோடுகளுமே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால்தான் மற்ற செய்திகள் பிடிபடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வந்தால் மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கீழ் அணை, முண்டந்துறை மேட்டுநிலம், ஆடி அமாவாசைக்கு நெல்லைச் சீமையே திரளும் சொரிமுத்து அய்யனார் கோயில், அதற்கப்பால் காரையாறு அணை. பேருந்தும் அதோடு நின்றுவிடும். அணைக்குக் கீழேயே அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு என்று காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. இவற்றுக்குச் சாலையும் மின்சாரமும் ஏதோ ஒரு வகையில் வந்து சேர்ந்துவிட்டன. இஞ்சிக்குழிக்குப் போக வேண்டியவர் அணையிலிருந்து படகேறி, நீர்த்தேக்கத்தின் மறுமுனையில் பாண தீர்த்த அருவி விழும் இடத்தருகே இறங்கி, அருவிக்கு மேலே ஏறித் துலுக்கமொட்டை வழியாகச் சில மணி நேரம் காட்டுக்குள் நடக்க வேண்டும். இஞ்சிக்குழிக்கும் மேலே கன்னிகட்டி என்ற இடத்தில் வனத்துறையின் பழைய ஓய்வு விடுதி ஒன்று உண்டு. அதற்கும் மேலே தாமிரபரணி ஊறிவரும் பூங்குளமும் 1,868 மீட்டர் உயர அகத்தியர் முடியும் இருக்கின்றன.

இந்தப் பாதையில் ஏறும்போது காடு மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பாபநாசம் அடிவாரத்தில் உடைமரமும் முட்புதரும்தான். முண்டந்துறையில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தைத் தாண்டிய பிறகுதான் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மழைக்காடு தொடங்குகிறது. வெடிப்பலா, நாங்கு, காட்டுச் சாதிக்காய் வகைகள் எல்லாம் வெளிச்சத்துக்காக நெட்டுக்குத்தாக வளர்ந்து, உச்சியில் ஒன்றோடொன்று கிளை கோத்து நிற்பதால் நண்பகலிலும் தரையில் வெயில் சிறு சிறு பொட்டுகளாகத்தான் விழும். ஓடைக்கரை முழுவதும் ஈற்றை என்னும் மெல்லிய மூங்கில் வகை அடர்ந்திருக்கும். வெடிப்பலா காய்க்கும் காலத்தில் அந்த முள்காயைப் பிளந்து தின்னும் சிங்கவால் குரங்கைக் காப்பதற்காகவே 1976இல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முண்டந்துறை அதற்கு முன்பே, 1962இல், புலிகளுக்கான சரணாலயமாகியிருந்தது. இரண்டையும் இணைத்து 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. பொதிகையைச் சுற்றியுள்ள தமிழக, கேரளக் காடுகள் இரண்டும் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் நாட்காட்டியே மழைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் கிழக்குச் சரிவைக் காயவிடும். பொதிகைப் பகுதிக்கு அந்த வறட்சி இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை முகட்டைத் தாண்டி வரும் சாரலும் மழையும் ஒருபுறம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை மறுபுறம் என்று இரண்டும் இங்கே பெய்கின்றன. இந்த இரட்டை மழையால்தான் கிழக்குச் சரிவில் இவ்வளவு அடர்ந்த மழைக்காடு நிலைத்திருக்கிறது. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கும் அதுவே காரணம். இஞ்சிக்குழிக்குத் தெற்கே மாஞ்சோலை மலையிலுள்ள நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வருவதை நீங்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தாமிரபரணிக் கரையையே புரட்டிப் போட்ட 1992 நவம்பர் 13 வெள்ளத்தின்போது அதே மலையிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாட்களில் இஞ்சிக்குழியின் ஒவ்வோர் ஓடையும் கடக்க முடியாத ஆறாகிவிடும். ஓடை வடியும்வரை மேலே இருப்பவர் மேலேயே இருக்க வேண்டியதுதான். உப்பும் தீப்பெட்டியும் அரிசியும் முன்கூட்டியே சேர்த்து வைத்திராத வீடு அங்கே பிழைக்க முடியாது.

இப்போது அணைக்கு வருகிறேன். ஆவணங்களில் பாபநாசம் அணை என்றும் பேச்சில் காரையாறு அணை என்றும் வழங்கும் இந்த அணை 1940களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. உயரம் 143 அடி, கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. நெல்லைக்காரருக்கு 143 என்ற எண் மனப்பாடம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை நம்பி ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலம் பயிராவதால், பருவமழைக் காலத்தில் அன்றாட நாளிதழில் நாங்கள் முதலில் தேடுவதே நீர்மட்டம் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதைத்தான். கார் என்னும் முதற்போக நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசானம் என்னும் அடுத்த போகத்துக்குப் போதுமா என்பதெல்லாம் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு மறுபக்கம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. ஆற்றை ஒட்டி மேலே ஏறிய பழைய தடத்தின் மீதுதான் இன்று தண்ணீர் நிற்கிறது. நடந்து வந்து போன ஊர் அணை வந்தபிறகு படகை எதிர்பார்க்கும் ஊராயிற்று. நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தால் படகு அருவிக்கு அருகே வரை போகும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றினால் படகு பாதியிலேயே தட்டிவிடும். அதற்கப்பால் சேற்றிலும் பாறையிலும் கால் வைத்து நடக்க வேண்டும். ஆக, மழை பெய்தாலும் அவர்களுக்குத் துன்பம், பெய்யாவிட்டாலும் துன்பம்.

அணைக்கு முன் இந்த மலைப்பகுதி யாரும் அறியாத மூலையாக இருந்ததில்லை. பாபநாசத்திலிருந்து பாண தீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம், திருவிதாங்கூரின் எல்லை அடையாளமான சங்குமுத்திரை என்று ஏறி அகத்தியர் முடிக்குப் போன யாத்திரைப் பாதை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. வழிகாட்டியாகவும் சுமை தூக்குபவராகவும் காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுப்பவராகவும் இருந்தவர்கள் காணிகளே. முகட்டுக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூர் அரண்மனையோடும் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. மார்த்தாண்ட வர்மா மன்னர் பகைவருக்கு அஞ்சி மறைந்து திரிந்த காலத்தில் தம் முன்னோர் அவருக்கு அடைக்கலம் தந்ததாகவும், அதற்கு நன்றியாக அவர் காட்டில் நிலவுரிமை தந்ததாகவும் காணிகள் சொல்வார்கள். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஓணத்தையொட்டிக் கேரளப் பகுதிக் காணிகள் தேனும் வாழைக்குலையும் மூங்கில் பொருள்களும் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்து அரச குடும்பத்தைப் பார்த்து வரும் வழக்கமோ இன்றளவும் தொடர்கிறது.

காணி மக்கள் முகட்டின் இருபுறமும் பரவியிருக்கிறார்கள்: கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களின் மலைப்பகுதிகள், தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைச் சுற்றுவட்டாரம், பிறகு எங்கள் பாபநாசம் மலை. தமிழும் மலையாளமும் கலந்து, அவர்களுக்கே உரிய இழுப்போடு பேசும் பேச்சு எல்லோருக்கும் பொது. இல்லம் என்னும் குலப்பிரிவுகளுக்குள் அண்ணன் தம்பி முறை எது, பெண் கொடுத்து எடுக்கும் மச்சம்பி முறை எது என்று பார்த்துத்தான் திருமணம் செய்வார்கள். அந்த முறை மலையின் எந்தப் பக்கத்துக் காணிக்கும் விளங்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் முகட்டைத் தாண்டியே நடந்து வந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, முன்பே திருவிதாங்கூரின் எல்லையாக இருந்த முகடு இரு மொழிவாரி மாநிலங்களுக்கு நடுவே எல்லையாயிற்று. அத்தை வீடு ஒரு மாநிலம், தங்கள் வீடு வேறு மாநிலம். பழங்குடிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பள்ளி, நலத்திட்டம் எல்லாம் இரண்டாகப் பிரிந்தன.

அந்தப் பிரிவு வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1987இல் கேரளப் பகுதி அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிகள் ஒரு சிறுசெடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறுவதைக் கவனித்துக் கேட்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் ஓர் ஆயுர்வேத மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையாகிய 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் கிடைக்கும் 2 விழுக்காட்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் கேரளக் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் முழுவதும் இதை மேற்கோள் காட்டுவார்கள், பாராட்டத் தக்கதுதான். ஆனால் அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. அதே செடியை அதே பாட்டன்மாரிடமிருந்து கற்றறிந்த பாபநாசம் மலைக் காணிகள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் கணக்கில் வரவில்லை. இதைப் பேசும் கட்டுரைகளில்கூட இந்தக் குறை அதிகம் சொல்லப்படுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஊருக்குள் வாழ்க்கை எப்படி என்ற கேள்விக்கு வருவோம். ஊர் என்றவுடன் தெரு, கடை, கோயில், சாவடி என்று நினைக்க வேண்டாம். இஞ்சிக்குழியில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இருக்கின்றன. வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீட்டையும் சுற்றி அதன் விளை, அதாவது பயிர்த்தோட்டம், இருக்கும், விளைக்கு அப்பால் காடு, காட்டுக்கு அப்பால் அடுத்த வீடு. பிளந்த ஈற்றையாலும் மூங்கிலாலும் சுவர், ஈற்றை இலையால் கூரை, சாணமோ மண்ணோ மெழுகிய தரை என்பது பழைய முறை. இலைக்கூரை ஓயாத மழையையும் தாங்கும். வீட்டுக்குள் எப்போதும் எரியும் அடுப்பின் புகை ஏறி ஏறிக் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். யானை நடமாட்டம் மிகுந்த காலத்தில் பயிரைக் காப்பதற்கு மரத்தில் உயரமாகப் பரண் கட்டி இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். யானை மட்டுமல்ல, பன்றி கிழங்கைத் தோண்டும், குரங்கு வாழையைத் தின்னும், கரடி பலாவுக்கும் தேனுக்கும் வரும். பயிரில் பாதி தங்களுக்கு என்று கணக்கு வைத்துத்தான் நடுகிறார்கள்.

முக்கிய உணவு மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. வேகவைத்து, காந்தாரி மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்த துவையலோடு தின்றால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. இந்தக் கிழங்கே காட்டுக்கு ஒரு விருந்தாளி என்பதைப் பலர் அறியார். தென்னமெரிக்காவிலிருந்து கடல் வழியாக வந்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மாவின் ஊக்கத்தால் அந்நாட்டில் பரவிய பயிர் அது. அப்படியே மலையேறி இங்கும் வந்து சேர்ந்தது. உலகத்தோடு தொடர்பற்ற ஆதிக்குடிகள் என்று இவர்களை எழுதுவோர் அவர்கள் அடுப்பில் வேகும் கிழங்கையாவது ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு காட்டை ஒரு பகுதியில் வெட்டித் தீயிட்டு, சாமையும் தினையும் மலைநெல்லும் விதைத்து, சில ஆண்டுகளுக்குப் பின் அந்த இடத்தை ஆறவிட்டு நகர்ந்து போகும் வேளாண்மை இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட அறிவிக்கப்பட அது சுருங்கி மறைந்தது. இடம் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் ஒரே இடத்தில் நிலைகொண்டது அப்போதுதான். காட்டுக் கிழங்குகளைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் அழியவில்லை. சிலவகைக் காட்டுவள்ளிக் கிழங்குகள் பச்சையாகத் தின்றால் நஞ்சு. அவற்றைச் சீவி, பலமுறை வேகவைத்து நீரை வடித்து, ஓடும் ஓடையில் ஊறப்போட்டுக் கசப்பு நீங்கிய பின்னர் உண்பார்கள். எந்தக் கிழங்குக்கு எத்தனை முறை வேக்காடு என்பதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள்.

கைக்குப் பணம் தருபவை நல்லமிளகு (கருமிளகு), தேன், பாக்கு, பலா, வாழை. மரத்தில் ஏறிப் படரும் நல்லமிளகுக் கொடிக்குக் காட்டு நிழலும் ஈரமும் போதும், வேறு செலவில்லை. எடை குறைவு, விலை கூடுதல், உலர்த்திவிட்டால் கெடாது. தலைச்சுமையாகக் காட்டுவழியில் இறக்க வேண்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது. பலாப்பழம் அதற்கு நேர்மாறு: மரம் நிறையக் காய்க்கும், ஆனால் சுமந்து இறக்கினால் சுமைகூலி மிஞ்சாது என்பதால் பெரும்பகுதி மரத்தடியிலேயே போகும். தேன் எடுப்பது ஆண்களின் வேலை. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் மலைத்தேனீ கட்டிய அடையை நிலவில்லாத இரவில், காட்டுக்கொடியில் இறங்கி, புகைப்பந்தம் காட்டி அறுப்பார்கள். அடை முழுவதையும் எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவருவது வழக்கம். கருங்குங்கிலியம் என்னும் மரப்பிசின் போன்றவையும் முன்பு சேகரிக்கப்பட்டன.

நோயும் தெய்வமும் அங்கே பிலாத்தி என்ற ஒரே மனிதரின் பொறுப்பு. மூட்டுக்காணி ஊர்த்தலைவர், வழக்கு, திருமணம், வேளாண்மை தொடங்கும் நாள் ஆகியவை அவர் சொற்படி. பிலாத்தியோ மருத்துவரும் பூசாரியும் ஆவார். பச்சிலை கட்டித் தீராத நோய்க்குச் சாற்று என்னும் வழிபாட்டுப் பாட்டைப் பாடுவார்கள். கொக்கரை என்ற, பல்வரிசை போல வெட்டுகள் கொண்ட இரும்புக் குழலை மற்றோர் இரும்பால் உரசி எழுப்பும் ஓசையோடு இரவு முழுவதும் அது நடக்கும். மலைத்தெய்வங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழைக்கும் அந்தப் பாட்டில் ஆறுகளும் முடிகளும் பாறைகளும் வரிசையாக வருவதால், அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு மலையின் நிலப்படம் தானாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. சாற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பயனைக் காண்பதில்லை. அதே சமயம் பாம்புக்கடிக்கும் சிக்கலான பேறுகாலத்துக்கும் பச்சிலை மட்டும் போதாது என்பதைக் காணிகளே அறிவார்கள். அப்போது நோயாளியைத் துணித்தொட்டிலில் கம்பு கோத்துத் தோளில் சுமந்து, நீர்த்தேக்கக் கரைவரை இறக்கி, படகு வரக் காத்திருந்து, அணையிலிருந்து வண்டி பிடித்து அம்பாசமுத்திரம் கொண்டு வர வேண்டும். இரவில் இது நடவாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கருவுற்ற பெண்கள் மாதம் நெருங்கும்போது கீழேயுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளும் அப்படித்தான் இறங்கினார்கள். காரையாற்றுப் பகுதியில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி இருப்பதால் படிக்கும் வயது வந்ததும் பிள்ளைகள் கீழே விடப்படுகிறார்கள். படித்தவர்கள் திரும்பி மேலே போய்க் கிழங்கு நடுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வனத்துறையில் வேட்டைத்தடுப்புக் காவலராகச் சிலர், கூலிவேலைக்குச் சிலர், மேற்படிப்புக்குச் சிலர் என்று இளையோர் பிரிய, மேலே தங்கியவர்களில் முதியோரே அதிகம். அவர்களில் ஒருவருக்கு முதியோர் உதவித்தொகையைக் கொண்டு சேர்ப்பதற்காகப் பாபநாசம் மேலணைக் கிளை அஞ்சலக ஊழியர் ஒருவர் படகிலும் நடையிலுமாகப் போய்வந்த செய்தி 2021இல் நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஊழியரின் கடமையுணர்வை எல்லோரும் போற்றினார்கள், நானும் போற்றுகிறேன். ஆனால் அணையின் நீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கி எத்தனையோ பத்தாண்டுகள் ஆன பிறகும், அந்த நீருக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு மின்கம்பி போகாததும், ஓர் உதவித்தொகை போய்ச் சேருவதே செய்தியாவதும் ஏன் என்று அன்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

புலிகள் காப்பகம் வந்த பிறகு நடமாட்டக் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. பாண தீர்த்தத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகுகள் நிறுத்தப்பட்டன. தமிழகப் பக்கத்திலிருந்து அகத்தியர் முடிக்குச் செல்லும் யாத்திரைப் பாதையும் மூடப்பட்டு, இப்போது போகிறவர்கள் கேரளத்தில் போனக்காடு வழியாகவே போகிறார்கள். காட்டுக்கு இது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஞெகிழிக் குப்பையும் ஆர்ப்பாட்டமும் குறைந்தன. ஆனால் படகு ஓடிய காலத்தில் இஞ்சிக்குழிக்காரர் எளிதாகத் தொற்றிக்கொண்டு வர முடிந்தது. வழிகாட்டிக் கூலியும் கிடைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் போயின.

நில உரிமை பற்றி ஒரு சொல். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தைப் பயன்படுத்தி வரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை தனியுரிமை கோரலாம். தேன், கிழங்கு, ஈற்றை போன்ற சிறுவனப் பொருள்கள் மீது ஊருக்குப் பொது உரிமையும் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும். மறுபுறம், காப்பகத்தின் உட்பகுதியில் வாழ்வோர் விருப்பத்தோடு வெளியேறினால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் காப்பக ஆணையம் நாடு முழுவதும் உட்பகுதிகளிலுள்ள 591 ஊர்களின் 64,801 குடும்பங்களை இடம் மாற்றும் பணியை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது. விருப்பம் என்ற சொல்லுக்கு இங்கே பொருள் இருக்க வேண்டுமானால், முதலில் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். படகும் மருத்துவமும் கிடைக்க வேண்டும். அவை இல்லாத நிலையில் ஒருவர் ‘போகிறேன்’ என்று சொல்வதை விருப்பம் என்று நான் கருத மாட்டேன்.

சாலை போட்டால் தீர்ந்தது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மழைக்காட்டில் ஒரு சாலை என்பது மண்சரிவுக்கும் வேட்டைக்கும் மரக்கடத்தலுக்கும் திறந்த வாசல். தவிரவும் சாலை ஊரைக் காப்பாற்றும் என்பதற்கும் உறுதியில்லை. அதே புலிகள் காப்பகத்துக்குள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சாலை, பேருந்து, பள்ளி, அஞ்சலகம் எல்லாம் இருந்தன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,373 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட அந்தத் தோட்டங்களில் 2024 ஜூனில் வேலை நிறுத்தப்பட்டதும், தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். அவர்கள் காலடியில் இருந்த நிலம் குத்தகை நிலம். அதில் அவர்களுக்குப் பட்டா இல்லை. இஞ்சிக்குழிக்குத் தேவை குறித்த நாளில் தவறாமல் வரும் படகு, அந்தப் படகில் மாதம் ஒருமுறையாவது ஏறி வரும் மருத்துவர், நல்லமிளகையும் தேனையும் அணைக்கரையிலேயே நியாய விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, மழைக்காலத்திலும் எரியும் சூரிய விளக்கு ஆகியவைதான். இவற்றில் எதற்கும் ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை.

போய்ப் பார்க்க முடியுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை: முடியாது, முயலவும் வேண்டாம். அணைக்கு அப்பால் உள்ளது காப்பகத்தின் உட்பகுதி. வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். சுற்றிப் பார்ப்பதற்கு அந்த அனுமதி கிடைக்காது. ஆராய்ச்சிக்காகவோ மருத்துவ முகாமுக்காகவோ போவதென்றால் புலிகள் காப்பகத்தின் அம்பாசமுத்திரம் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். காணிகளின் சம்மதத்தையும் கேட்டுப் பெறுவது முறை. காணி மக்களைச் சந்திக்க விரும்பினால் அணைக்குக் கீழே உள்ள குடியிருப்புகள் இருக்கின்றன. பாபநாசம் சோதனைச் சாவடியில் பகல் நேரத்துக்குள் அனுமதி பெற்று, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் காரையாற்றுக்கும் வந்து போகலாம். அங்கே காணிகள் விற்கும் தேனும் நல்லமிளகும் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்; மிளகு கார்த்திகை, மார்கழிக்கு மேல்தான் பழுக்கத் தொடங்கும் என்பதால் தை, மாசியில் வந்தால் அந்த ஆண்டுப் புதுமிளகு கிடைக்கும்.